ஓட்டு வீட்டை இடிக்கும் முன்: பழுதுபார்ப்புக்கும் புதுக்கட்டுக்கும் இடையிலான கணக்கு

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பக்கம், கல்குளம், விளவங்கோடு வட்டங்களின் ஊர்களுக்குள் போனால் பூட்டிக் கிடக்கும் வீடுகள் இரண்டு வகையாகத் தெரியும். ஒன்று, தாத்தா காலத்து ஓட்டு வீடு: வெட்டுக்கல் (செம்புரைக்கல்) அல்லது மண் சுவர், அயனி மரத்திலோ பனை மரத்திலோ கழுக்கோல் (கூரையைத் தாங்கும் சாய்வு மரச் சட்டம்), மேலே மங்களூர் ஓடு. இன்னொன்று, 1975-க்கும் 1990-க்கும் இடையில் வளைகுடாச் சம்பாத்தியத்தில் எழுந்த கான்கிரீட் வீடு. இரண்டுக்கும் உரியவர்கள் திருவனந்தபுரத்திலோ சென்னையிலோ துபாயிலோ இருக்கிறார்கள். ஊருக்குத் திரும்பலாம் என்று நினைக்கிற வயதில்தான் கேள்வி வருகிறது. இதைச் சரிசெய்து குடியேறுவதா, இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதா?

பெரும்பாலும் ஓட்டு வீட்டை இடிக்கிறார்கள். கான்கிரீட் வீட்டுக்குப் பூச்சு வேலை பார்த்து, பெயின்ட் அடித்து, மாடியில் ஷீட் போட்டுக் குடியேறுகிறார்கள். பணக் கணக்காக மட்டும் பார்த்தாலும் பல இடங்களில் இது தலைகீழான முடிவு என்பது என் கருத்து. எழுபது எண்பது வருட ஓட்டு வீட்டில் கெட்டுப்போவது பெரும்பாலும் கழற்றி மாற்றக்கூடிய பொருள். நாற்பது வருட கான்கிரீட் வீட்டில் கெட்டுப்போவது தளத்துக்குள்ளே புதைந்திருக்கும் கம்பி. முதலாவதன் செலவை ஓரளவு எண்ணிச் சொல்லலாம். இரண்டாவதன் செலவு உடைத்துப் பார்க்கும்வரை பிடிபடாது.

முதலில், வீடு எப்படிக் கெடுகிறது என்று பார்க்கலாம். இந்த மாவட்டத்துக்கு ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அக்டோபரில் வடகிழக்கு என்று இரண்டு மழை. ஆள் இருக்கும் வீட்டில் ஒரு ஓடு உடைந்தால் மறுநாள் ஒருவர் ஏறி மாற்றிவிடுவார். பூட்டிய வீட்டில் அந்த ஒரு ஓட்டின் வழியே வருடத்துக்கு இரண்டு பருவம் தண்ணீர் இறங்கும். கழுக்கோல் நனைந்து, அது உட்கார்ந்திருக்கும் சுவரின் தலை நனைந்து, அந்த ஈரத்தைத் தேடிச் சிதல் எனும் கரையான் ஏறும். கான்கிரீட் வீட்டில் மாடியின் தண்ணீர்க் குழாய் மாவிலையும் ரப்பர் இலையும் அடைத்துக்கொள்ள, மாடி மாதக்கணக்கில் குளமாக நிற்கும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது மரம் விழுந்து ஓடு நொறுங்கிய வீடுகளில், ஆள் இருந்தவை சில வாரங்களில் மூடப்பட்டன. ஆள் இல்லாதவற்றில் சில இன்றும் வானம் பார்த்தபடிதான் இருக்கின்றன. வீட்டின் வயதைக் காட்டிலும் அது எத்தனை மழைக்காலம் திறந்து கிடந்தது என்பதே செலவைத் தீர்மானிக்கிறது.

வயதைத் தெரிந்துகொள்வதும் கஷ்டமில்லை. பழைய வீடுகள் சிலவற்றில் வாசல் நிலைக்கு மேலேயோ உத்திரத்திலோ மலையாள நாட்டு வழக்கான கொல்லம் ஆண்டு செதுக்கியிருக்கும். அதோடு 825-ஐக் கூட்டினால் ஏறக்குறைய ஆங்கில ஆண்டு வந்துவிடும். 1112 என்று இருந்தால் 1936-37. நூறு வருடம் என்று கேட்டதும் பயப்பட வேண்டாம். தக்கலை பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனையின் மர வேலைப்பாடு அதே இரண்டு மழையையும் நூற்றாண்டுகளாகத் தாங்கி நிற்கிறது. காரணம் மரத்தின் உசத்தி மட்டுமில்லை. இறவாரம், அதாவது சுவரைத் தாண்டி வெளியே இறங்கும் கூரை ஓரம், நீண்டிருக்கிறது, ஓடு ஒழுங்காக மாற்றப்படுகிறது.

இனி பணம். முடிவெடுப்பவர் கையில் வழக்கமாக இரண்டு எண்கள் இருக்கும். கொத்தனார் வீட்டைச் சுற்றி வந்து, சுவரைத் தட்டி, "ஏழு எட்டு லட்சம் ஆகும்" என்று சொன்ன எண் ஒன்று. ஒப்பந்தக்காரர் சொன்ன சதுர அடி விலை இன்னொன்று. இரண்டுமே பாதி எண்கள்தான். கொத்தனாருடைய எண்ணில் கண்ணுக்குத் தெரிந்தது மட்டும் இருக்கிறது. ஓட்டைப் பிரித்த பிறகு தெரியவரும் இற்ற கழுக்கோல், பூச்சை உதிர்த்த பிறகு தெரியவரும் விரிசல், தரையைத் தோண்டிய பிறகு தெரியவரும் உடைந்த குழாய் எதுவும் அதில் இல்லை. ஒப்பந்தக்காரருடைய எண்ணில் கட்டடம் மட்டும் இருக்கிறது. பழையதை இடித்து அள்ளும் செலவு, கழிவுநீர்த் தொட்டி, தண்ணீர்த் தொட்டி, சுற்றுமதில், வரைபடம், அனுமதி, கட்டி முடியும்வரை கொடுக்கும் வாடகை எல்லாம் வெளியே நிற்கின்றன. இப்படி இரண்டு பாதிகளை ஒப்பிட்டு முழு முடிவை எடுக்கும்போதுதான் கை சுடுகிறது.

அதனால் விலை கேட்கும் முன்பே கொஞ்சம் பணத்தை ஒதுக்கி வீட்டைத் திறந்து பார்க்கச் சொல்வேன். இருபது முப்பதாயிரத்தில் இது முடியும். பொறியாளர் ஒருவர், ஆசாரி ஒருவர், இரண்டு கையாட்கள், இரண்டு நாள் வேலை. முடிந்தால் மழையில் போக வேண்டும். வெயில் காலத்தில் பார்த்த வீடும் ஆடி மாதத்தில் பார்த்த வீடும் ஒன்றல்ல. எங்கே ஒழுகுகிறது, சுவரில் ஓதம், அதாவது நிலத்து ஈரம், எந்த உயரம்வரை ஏறுகிறது, முற்றத்துத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று மழையே காட்டிக்கொடுத்துவிடும்.

ஓட்டு வீட்டில் பார்க்க வேண்டிய முதல் இடம் கழுக்கோலின் இரண்டு முனைகள். நடுப்பகுதி அநேகமாக நன்றாகவே இருக்கும். சுவருக்குள் புதைந்த முனையும் இறவாரத்தில் நீட்டி நிற்கும் முனையும்தான் கெடும். கூரான உளியால் குத்திப் பாருங்கள். வைரம் பாய்ந்த மரத்தில் உளி நுழையாது. இற்றுப்போனதில் விரல் கனத்துக்கு இறங்கும். பனைக் கழுக்கோலை மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி பார்க்க வேண்டும். பனையில் வெளிவட்டத்துக் கறுப்புப் பகுதிதான் வைரம், நடுப்பகுதி மெதுவானது. வெளிப்பக்கம் பளபளவென்று இருந்தாலும் உள்ளே சிதல் தின்று குழலாக்கியிருக்கலாம். சுத்தியலால் தட்டினால் சத்தத்திலேயே தெரிந்துவிடும்.

முனை மட்டும் கெட்ட கழுக்கோலை முழுதாக மாற்ற வேண்டியதில்லை. கெட்டதை அறுத்துவிட்டு, அதே இன மரத்தில் ஒட்டுப் போட்டு, போல்ட் வைத்து இறுக்குவது தெரிந்த ஆசாரிகள் இன்னும் இருக்கிறார்கள். செலவைக் குறைக்கிற இடம் இதுதான். "கழுக்கோல் எல்லாத்தையும் மாத்தணும்" என்று ஒருவர் சொன்னால், எத்தனை, எவை, எந்த முனை என்று சுண்ணாம்பால் ஒவ்வொன்றாக அடையாளம் போடச் சொல்லுங்கள். எல்லாம் என்று சொன்னது எண்ணும்போது மூன்றில் ஒரு பங்காகச் சுருங்குவது சாதாரணம்.

ஓடு பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பு 1865-இல் மங்களூரில் தொடங்கிய ஓட்டுத் தொழில் பிற்பாடு கேரளம் முழுக்கப் பரவியது. ஒவ்வொரு தொழிற்சாலையின் ஓட்டுக்கும் அளவும் கொக்கியும் சிறிது மாறும். ஓட்டின் பின்புறத்தில் கம்பெனியின் பெயர் பதிந்திருக்கும். அதைப் பார்த்து அதே பெயருள்ள பழைய ஓட்டை இடிப்புக் கடைகளில் தேடுவது நல்லது. அளவு மாறிய ஓட்டை நடுவில் செருகினால் அந்த வரிசை முழுக்க ஒழுகும். கேரளத்தில் பல ஓட்டுத் தொழிற்சாலைகள் மூடிவிட்டதால், வீட்டில் கழற்றிய நல்ல ஓட்டில் ஒன்றைக்கூட வீணாக்காமல் அடுக்கி வைப்பது அவசியம்.

சுவருக்கு வருவோம். வெட்டுக்கல்லும் மண்ணும் ஈரத்தை உறிஞ்சி வெளியே விடுகிற பொருட்கள். அன்றைக்குச் சிப்பிச் சுண்ணாம்பில் பூசியதால் ஈரம் பூச்சின் வழியாகவே ஆறியது. பிற்காலத்தில் யாரோ அதன் மேல் சிமென்ட் பூசியிருப்பார்கள். வெளியேற வழியில்லாத ஈரம் உள்ளேயே தங்கி மேல் நோக்கி ஏறும். ஓதம் ஏறிய சுவருக்கு மறுபடியும் சிமென்ட் பூச்சு, அதன் மேல் வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் என்று மதிப்பீட்டில் எழுதியிருந்தால் அந்தப் பணம் மூன்று வருடத்துக்குத்தான் வேலை செய்யும். சிமென்ட்டை உரித்துவிட்டுச் சுண்ணாம்புப் பூச்சுக்குத் திரும்புவதும், வீட்டைச் சுற்றித் தண்ணீர் நிற்காமல் வாட்டம் கொடுத்து ஓடை வெட்டுவதும்தான் நிலையான வழி. ஓடை வெட்ட ஆகும் செலவு அற்பம், பலன் பெரிது.

விரிசல் எல்லாமே ஆபத்தில்லை. பூச்சில் மட்டும் ஓடும் மயிரிழை விரிசலை விட்டுவிடலாம். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பி, மேலே போகப் போக அகன்று, 5 மில்லிமீட்டரைத் தாண்டினால் அஸ்திவாரம் எங்கோ இறங்குகிறது என்று சந்தேகப்பட வேண்டும். விரிசலின் குறுக்கே சிறிய கண்ணாடித் துண்டை ஒட்டித் தேதி எழுதி வையுங்கள். ஒரு மழைக்காலம் முடிந்தும் கண்ணாடி உடையாமல் இருந்தால் அது பழைய விரிசல், உறங்கிவிட்டது. உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது. அப்போது அஸ்திவாரத்தைத் தோண்டிப் பார்க்காமல் மேற்கொண்டு எதுவும் செய்யக் கூடாது. அதே போல, தூக்குக்குண்டு பிடித்துப் பார்க்கும்போது சுவர் வெளிப்பக்கம் வெளிப்படையாகச் சாய்ந்திருந்தாலும், மண் சுவரின் அடிப்பாகம் கரைந்து குழி விழுந்திருந்தாலும், அந்த வீட்டைப் பழுதுபார்க்கச் சொல்ல மாட்டேன். இவை ஓட்டு வீட்டிலும் இடிப்பே சரி என்கிற நிலைமைகள்.

இனி கான்கிரீட் வீடு. நல்ல கான்கிரீட்டுக்குக் காரத்தன்மை மிக அதிகம். அந்தக் காரம்தான் உள்ளே இருக்கும் கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு வருடக்கணக்கில் ஊடுருவி அந்தக் காரத்தைக் குறைத்துக்கொண்டே வரும். காரம் குறைந்த பகுதி கம்பியைத் தொட்டதும் துரு தொடங்கும். துருவுக்குக் கம்பியைவிட இரண்டு மடங்கிலிருந்து ஆறு மடங்குவரை இடம் தேவை. அந்த அழுத்தத்தில் கீழ்ப்பக்க கான்கிரீட் பிளந்து விழுகிறது. கூடத்துக் கூரையில் பாளம் பாளமாக விழுவதற்கு இதுதான் காரணம், ஒழுகல் இதை விரைவுபடுத்துகிறது. குளச்சல், மணவாளக்குறிச்சி போன்ற கடலோர ஊர்களில் உப்பும் சேர்ந்துகொள்ளும். கடலோரத்தின் கடுமையான சூழலில் கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடியிருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 456. எண்பதுகளின் வீடுகளில் அதில் பாதி இருந்தாலே பெரிது. அந்தக் காலத்து முறுக்குக் கம்பி இன்றைய டி.எம்.டி. கம்பியைவிட எளிதில் துருப்பிடிக்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

இதைச் சோதிக்க மலிவான வழி உண்டு. தளத்தின் அடியில் சிறிய துண்டை உடைத்து, புதிதாக உடைந்த பரப்பில் பினால்ஃப்தலீன் கரைசலைத் தெளிக்க வேண்டும். காரம் இருக்கும் இடம் அடர்ந்த இளஞ்சிவப்பாக மாறும். காரம் போன இடம் நிறம் மாறாது. நிறம் மாறாத பகுதி கம்பியைத் தாண்டி உள்ளே போயிருந்தால், இன்றைக்கு விழாத பாளமும் நாளைக்கு விழும். ஐந்தாறு இடங்களில் இப்படிப் பார்த்தால், இரண்டு அறைகளில் மட்டுமான பிரச்சினையா, வீடு முழுக்கவா என்று தெரிந்துவிடும். இரண்டு அறைகளில் மட்டும் என்றால், கெட்டதைக் கொத்தி எடுத்து, கம்பியைச் சுத்தம் செய்து, பாலிமர் கலவை பூசிச் சரிசெய்யலாம், செலவும் கட்டுக்குள் இருக்கும். வீடு முழுக்க என்றால் தளத்தையே எடுத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டிவரும். அப்படி எடுக்கும்போது அதோடு மின்வயர், பூச்சு, தரை ஓடு, பெயின்ட் எல்லாம் போய்விடும். மிஞ்சுவது சுவரும் அஸ்திவாரமும் மட்டும்தான். ஒரு வீட்டின் மொத்தச் செலவில் அவற்றின் பங்கு ஏறக்குறைய மூன்றில் ஒன்று. அந்த மூன்றில் ஒன்றைக் காப்பாற்ற, பழைய திட்டத்தையும் தாழ்ந்த கூரையையும் சேர்த்தே சுமக்க வேண்டும்.

மாடியில் ஷீட் போட்டால் தீராதா என்று கேட்பார்கள். மேலிருந்து வரும் தண்ணீர் நிற்கும், சூடு குறையும், அதனால் துருவின் வேகமும் குறையலாம். ஆனால் தளத்தில் ஏற்கெனவே உப்பு ஏறியிருந்தால் காற்றின் ஈரமே போதும், துரு தொடரும். ஷீட் போட்டுவிட்டோம் என்ற நிம்மதியில் அடியில் நடப்பதைக் கவனிக்காமல் விடுவதுதான் ஆபத்து.

இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது ஒரு வழியைப் பலர் தேர்ந்தெடுக்கிறார்கள். ஓட்டு வீட்டின் சுவரை அப்படியே வைத்துக்கொண்டு, கூரையை மட்டும் கான்கிரீட் ஆக்குவது. செலவு மிச்சம் போலத் தெரியும். எடையைப் பாருங்கள். மரமும் ஓடும் சேர்ந்த கூரை சதுர மீட்டருக்கு நூறு கிலோவுக்குள் நிற்கும். ஐந்து அங்குல கான்கிரீட் தளம் மட்டும் சதுர மீட்டருக்கு 300 கிலோவுக்கு மேல். மேல் பூச்சும் மாடியில் நடமாடும் ஆட்களும் தனி. சுண்ணாம்பிலும் மண்ணிலும் கட்டிய சுவர் மேல் அந்தச் சுமையை ஏற்றக் கூடாது. தூண் நிறுத்தித்தான் செய்ய வேண்டும் என்றால் அது புதுக்கட்டுச் செலவேதான்.

சரி, ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1,000 சதுர அடி வீடு. விலைகள் ஊருக்கு ஊர் மாறும். நான் எடுத்துக்கொள்பவை கணக்கின் வடிவத்தைக் காட்டத்தான். உங்கள் ஊர் விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

புதிதாகக் கட்ட சதுர அடிக்கு 2,400 ரூபாய் என்றால் 24 லட்சம். இடித்து அள்ள 1 லட்சம். கழிவுநீர்த் தொட்டியும் தண்ணீர்த் தொட்டியும் 1.5 லட்சம். வரைபடம், அனுமதி, பொறியாளர் 75,000. சுற்றுமதிலும் முற்றமும் 1.25 லட்சம். மாதம் 8,000 வீதம் 10 மாத வாடகை 80,000. எதிர்பாராத செலவுக்குக் கட்டுமானத்தில் 5 சதவீதம், அதாவது 1.2 லட்சம். கூட்டினால் 30.5 லட்சம். ஒப்பந்தக்காரர் சொன்ன எண்ணைவிட ஆறரை லட்சம் கூடுதல்.

அதே அளவு ஓட்டு வீட்டைப் பழுதுபார்க்க: இறவாரத்தோடும் சாய்வோடும் சேர்த்தால் கூரையின் பரப்பு 1,450 சதுர அடி வரும். வீட்டின் தரைப் பரப்பை வைத்துக் கூரைக்கு விலை பேசுவது பலர் செய்யும் தவறு. பிரித்து, கெட்ட மரத்தை மாற்றி, மறுபடி ஓடு வேய சதுர அடிக்கு 300 என்று வைத்தால் 4.35 லட்சம். தேவையான இடத்தில் மட்டும் பூச்சு, வெள்ளையடிப்பு 1.95 லட்சம். ஓடை, அடித்தளப் பாதுகாப்பு 1 லட்சம். மின்வயர் முழுக்கப் புதிது 1.5 லட்சம், இதில் மிச்சம் பிடிக்கவே கூடாது. வீட்டோடு ஒட்டிப் புதிதாக இரண்டு குளியலறை, கழிப்பறை 3 லட்சம். தரை 1.35 லட்சம். கதவு, ஜன்னல் 1 லட்சம். சமையலறை 1.5 லட்சம். சிதல் மருந்து 25,000. ஆக 15.9 லட்சம். இதில் எதிர்பாராத செலவுக்கு 25 சதவீதம் சேர்க்க வேண்டும். பழைய வீட்டில் 5 சதவீதம் என்று போடுவது தன்னையே ஏமாற்றிக்கொள்வது. அது சுமார் 4 லட்சம். ஆறு மாத வாடகை 48,000. மொத்தம் 20.4 லட்சத்துக்கு அருகில், அதாவது புதுக்கட்டில் மூன்றில் இரண்டு பங்கு.

எண்பதுகளின் கான்கிரீட் வீட்டில் தளம் முழுதாக மாற்ற வேண்டிய நிலை என்றால்: முட்டுக் கொடுத்துத் தளத்தை உடைத்து அள்ள 1 லட்சம், புதிய தளம் 4.4 லட்சம், லிண்டல் பழுது 1 லட்சம், பூச்சு 2.5 லட்சம், மின்வயர் 1.5 லட்சம், குழாயும் குளியலறையும் 3 லட்சம், தரை 1.5 லட்சம், கதவு ஜன்னல் 1.5 லட்சம், சமையலறை 1.75 லட்சம், மாடிப் பூச்சு 1 லட்சம், பெயின்ட் 1.25 லட்சம். ஆக 20.4 லட்சம். 25 சதவீதமும் எட்டு மாத வாடகையும் சேர்த்தால் 26 லட்சத்தைத் தாண்டும். புதுக்கட்டில் 85 சதவீதம். நான்கில் மூன்று பங்கைத் தாண்டிவிட்டால் புதிதாகக் கட்டுவதே மேல் என்பது நான் வைத்திருக்கும் கோடு.

ஓட்டு வீட்டின் கணக்கில் இன்னொரு வரியையும் நேர்மையாகச் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு வருடமும் மழைக்கு முன் ஓடு பார்க்க வேண்டும், சருகு தள்ள வேண்டும், மருந்து அடிக்க வேண்டும். வருடம் 10,000 ரூபாய் என்றால் இருபது வருடத்தில் 2 லட்சம். இதைச் செய்ய ஆள் இல்லாதவர்கள், மறுபடியும் வீட்டைப் பூட்டிவிட்டுப் போகப் போகிறவர்கள், ஓட்டு வீட்டைப் புதுப்பிப்பதில் பணம் போட வேண்டாம். மேல்மாடி கட்டியே ஆக வேண்டிய குடும்பத்துக்கும் அது பொருந்தாது.

கேரள எல்லைப்புறத்தில் இருப்பதாலும் விலை மாறுகிறது. நம் மாவட்டத்து மலைக்கல் கேரளத்துக்குப் போகிறது. 2025 மே 2 அன்று திறக்கப்பட்ட விழிஞ்ஞம் துறைமுகத்தின் கடல் தடுப்புக்கும் இங்கிருந்து கல் போனது. அந்தப் பக்கத்துத் தேவை இங்கே ஜல்லி, எம்-சாண்ட் விலையை ஏற்றுகிறது. கூலி அங்கே கூடுதல் என்பதால் நல்ல கொத்தனாரும் ஆசாரியும் எல்லை ஊரான களியக்காவிளையைத் தாண்டி வேலைக்குப் போய்விடுகிறார்கள். முதலாவது புதுக்கட்டைப் பாதிக்கும், இரண்டாவது பழுதுபார்ப்பைப் பாதிக்கும். 2025 செப்டம்பர் 22 முதல் சிமென்ட்டுக்கான ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்ததிலும் புதுக்கட்டுக்குத்தான் அதிக லாபம். பழுதுபார்ப்பில் பெரும்பங்கு கூலி. ஆகவே பழுதுபார்ப்பைத் தேர்ந்தெடுப்பவர் ஆசாரியின் தேதியை முதலில் வாங்கிவிட்டு மற்ற வேலைகளைத் திட்டமிட வேண்டும்.

எல்லைக்கு அப்பால் திருவனந்தபுரத்தில் வேலை செய்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர், 1917-இல் பிறந்து 2007-இல் மறைந்தவர், இடித்த வீடுகளின் மரத்தையும் ஓட்டையும் எடுத்துப் புதிய வீட்டில் பயன்படுத்தினார். செங்கல்லை நிறுத்தி, நடுவில் வெற்றிடம் விட்டு அடுக்கும் எலிப்பொறிக் கட்டில் கால் பங்கு கல்லை மிச்சப்படுத்திக் காட்டினார். பழுதுபார்ப்பதா, இடிப்பதா என்ற இரண்டுக்கும் நடுவில் அவர் திறந்த வழி நம் மண்ணுக்கு நன்றாகவே பொருந்தும்: சுவர் போய்விட்டால் சுவரை மட்டும் புதிதாக எழுப்பி, பழைய கூரையை அதன் மேல் மறுபடி வைக்கலாம்.

அனுமதி விஷயத்தில் ஒரு பொறி இருக்கிறது. பழைய வீடு எல்லைக் கோட்டை ஒட்டியே நிற்கும். இடித்துவிட்டால் 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி முன்னும் பின்னும் பக்கத்திலும் இடம் விட்டுத்தான் கட்ட முடியும். இடம் குறுகலாக இருந்தால் இடித்த வீட்டின் அளவுக்குப் புதிய வீடு வராது. 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையில் உடனடி அனுமதி கிடைப்பது 2,500 சதுர அடிவரையிலான மனைக்குத்தான். ஐந்து சென்ட் 2,178 சதுர அடி, உள்ளே வந்துவிடும். ஆறு சென்ட் 2,613, வராது. கட்டடத் தொழிலாளர் நல வரி 1 சதவீதம். சொந்த வீட்டுக்கு 10 லட்சம்வரை என்று இருந்த விலக்கு, 2025 நவம்பரில் அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் 50 லட்சமாக உயர்ந்தது. பாறசாலை, நெய்யாற்றின்கரை பக்கம் குடும்ப வீடு உள்ளவர்கள் கிராமப் பதிவேட்டில் மனை எப்படிக் குறிக்கப்பட்டிருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். வயலாகப் பதிவாகியிருந்தால் கேரளத்தின் 2008-ஆம் ஆண்டு நெல்வயல் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே வரும். நிற்கிற வீட்டை இடித்த பிறகு இது தெரிந்தால் பெரிய கஷ்டம்.

கடனுக்குப் போகிறவர்கள் பத்திரத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 1956 நவம்பர் 1-க்கு முன் இது திருவிதாங்கூராகவும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியாகவும் இருந்ததால் மூலப் பத்திரங்கள் பல மலையாளத்தில், கொல்லம் ஆண்டுத் தேதியோடு இருக்கும். வங்கி வழக்கறிஞருக்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கும். பாகம் பிரிக்காத குடும்ப வீடு என்றால் எல்லாருடைய கையெழுத்தும் இல்லாமல் இரண்டு வேலையையும் தொடக்கூடாது. வரிச் சலுகையிலும் வித்தியாசம் உண்டு: பழைய வரித் திட்டத்தில், தான் குடியிருக்கும் வீட்டைக் கட்ட வாங்கிய கடனின் வட்டிக்கு வருடம் 2 லட்சம்வரை கழிவு, பழுதுபார்க்க வாங்கிய கடனுக்கு 30,000 மட்டும்.

ஒப்பந்தம் எழுதும் முறையும் இரண்டுக்கும் ஒன்றாக இருக்கக் கூடாது. புதுக்கட்டுக்குச் சதுர அடி ஒப்பந்தம் சரி. பழுதுபார்ப்புக்கு மொத்தத் தொகை பேசினால், தெரியாத செலவுக்கெல்லாம் சேர்த்து ஒப்பந்தக்காரர் முன்கூட்டியே விலையை ஏற்றுவார், அல்லது குறைத்துப் பேசிவிட்டுப் பாதியில் நிறுத்துவார். கழுக்கோல் ஒன்றுக்கு இவ்வளவு, பூச்சு சதுர அடிக்கு இவ்வளவு, ஓடு மாற்ற இவ்வளவு என்று வேலைவாரியாக விலை எழுதி, செய்த வேலையை அளந்து பணம் கொடுப்பது இரண்டு பேருக்கும் நியாயம். கூரையை முதலில் முடித்து, தரையைக் கடைசியில் போட வேண்டும். கூரை பிரித்து முடிந்ததும் ஒரு வாரம் வேலையை நிறுத்தி, கையில் இருக்கும் மதிப்பீட்டைத் திருத்தி எழுதுங்கள். நான்கில் மூன்று பங்கு என்ற கோட்டை அது தாண்டுகிறதா என்று பார்க்கும் கடைசி இடம் அதுதான். அதற்கு மேல் திரும்ப வழியில்லை.

இடிப்பதே முடிவு என்றாலும் இடிப்பவரிடம் வீட்டை மொத்தமாகத் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். "இடிச்சு அள்ளுகதுக்கு நீங்க பைசா தராண்டாம், மரத்தை நாங்க எடுத்துக்கிடுதோம்" என்று ஒருவர் சொன்னால் மரத்தின் மதிப்பு அவருக்குத் தெரிந்திருக்கிறது என்று பொருள். உத்திரம், நிலை, கதவு, மச்சுப் பலகை ஒவ்வொன்றையும் அளந்து கன அடிக் கணக்கு எழுதி, இரண்டு மூன்று பேரிடம் விலை கேளுங்கள். விற்காமல் வைத்துக்கொள்வதாக இருந்தால், பிரிக்கும் முன் ஆசாரியை வைத்து ஒவ்வொரு மரத்திலும் எண் போடச் சொல்லுங்கள். கேரளத்து மர வீடுகளைப் பிரித்து, சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் மறுபடி எழுப்பி வைத்திருக்கிறார்கள். ஆணியைவிட மரப்பூட்டையே நம்பிச் செய்த வேலை என்பதால் அது முடிந்தது. ஓட்டை இறக்கி, ஓடு உட்காரும் பட்டியல் சட்டங்களைக் கழற்றி, கழுக்கோலை எடுத்து, கடைசியில் உத்திரம் என்று வரிசையாகப் பிரித்து, நிழலில், தரையில் படாமல் கல் வைத்து அடுக்கி, மேலே ஷீட் மூட வேண்டும். ஜேசிபி அதற்குப் பிறகு வந்தால் போதும்.